குரூஸ் கன்ட்ரோல் பிரேக் சுவிட்சை நாமே மாற்றுவது எப்படி

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் குரூஸ் கன்ட்ரோலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே, வைத்த வேகத்தில் வண்டியை ஓடவைக்கும் வசதி) 80-இல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, மேம்பாலங்களின் இணைப்புப் பட்டைகளில் வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் குரூஸ் தானாகவே விடுபட்டுப்போனது. மீண்டும் பொத்தானை அழுத்தினால் அடுத்த பாலம் வரை நிற்கும். இரண்டு வாரம் கழித்து அது பிடிக்கவே மறுத்துவிட்டது. டேஷ்போர்டில் குரூஸ் விளக்கு மட்டும் எரிந்தது. வண்டியைக் காட்டிய பணிமனையில், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வீடு திரும்பி, டார்ச்சை எடுத்துப் பெடலின் அடியில் பார்த்தேன். கால்மிதியின் மேல், உடைத்த கற்கண்டைப் போல, நான்கைந்து பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. கையில் எடுத்ததும் அவை பொடிந்துபோயின. பழுது ஸ்டியரிங்கில் இல்லை, பிரேக் பெடலின் தலைமாட்டில் இருந்தது.

இந்த வேலையை வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். சுவிட்சைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். எது பழுது என்று உறுதிசெய்வதும், மாட்டிய சுவிட்சுக்குச் சரியான இடைவெளி வைப்பதும்தான் உண்மையான வேலை. அந்த இரண்டில் அவசரப்படுகிறவர் இதைப் பணிமனையிடமே விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் நாம் கைவைப்பது பிரேக்கின் பக்கத்தில்.

சுவிட்ச் என்ன செய்கிறது

பிரேக் பெடலின் தண்டு மேலே போய்த் தொங்கும் இடத்தில், ஓர் இரும்புத் தகட்டில், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முனையில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு குச்சி உண்டு. மெக்கானிக்குகள் அதைப் பிளஞ்சர் என்பார்கள். நாம் பெடலை மிதிக்காதபோது பெடல் தண்டு அந்தப் பிளஞ்சரை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்ததும் தண்டு விலக, பிளஞ்சர் வெளியே வரும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் விளக்கு எரிவதும், மூடினால் கதவே சுவிட்சை அழுத்தி விளக்கை அணைப்பதும் எந்த ஏற்பாடோ, அதே ஏற்பாடுதான் இங்கும்.

குரூஸ் கன்ட்ரோல் உள்ள கார்களில் இந்தச் சுவிட்சின் பின்புறம் பெரும்பாலும் நான்கு முனைகள் இருக்கும், அதாவது உள்ளே இரண்டு தனித்தனித் தொடர்புகள். பெடலை மிதித்தவுடன் முதல் தொடர்பு இணைந்து பிரேக் விளக்குகளை எரியவைக்கும், அதே நொடியில் இரண்டாவது தொடர்பு பிரிந்து குரூஸை விடுவிக்கும். இரண்டும் எப்போதும் எதிரெதிர் நிலையில் இருக்க வேண்டும் என்பது வண்டியின் கணினிக்குத் தெரியும். ஒன்று மிதித்திருக்கிறது என்றும் மற்றொன்று மிதிக்கவில்லை என்றும் சொன்னால், கணினி இரண்டையும் நம்பாமல் குரூஸைத் தர மறுத்துவிடும். இரண்டாவது தொடர்பை, மிதிக்காதபோது இணைந்திருக்கும்படி அமைத்ததற்கும் காரணம் உண்டு: கம்பி அறுந்தாலும் கனெக்டர் கழன்றாலும் கணினிக்கு அது பிரேக் மிதித்ததைப் போலவே தோன்றும், குரூஸ் நின்றுவிடும். பழுதானால் நிற்க வேண்டுமே தவிர ஓடக் கூடாது என்ற கணக்கு அது.

விளக்குத் தொடர்புதான் சீக்கிரம் கருகும். பழைய வகைப் பிரேக் பல்பு ஒவ்வொன்றும் 21 வாட், ஆகவே இரண்டு பல்புகளுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் அந்தச் சிறு செப்பு முனை வழியாகப் போகிறது. இழை குளிர்ந்திருக்கும் முதல் கணத்தில் அதைப் போல் பல மடங்கு பாயும். போதாக்குறைக்கு, பலரும் வண்டியின் பின்னால் அலங்காரத்துக்குப் போடும் மினுக்கு விளக்குகளின் கம்பியையும் பிரேக் விளக்குக் கம்பியிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் சுவிட்ச் அடிக்கடி போவதற்குச் சுவிட்சைக் குறைசொல்லிப் பயனில்லை.

எல்லாக் கார்களிலும் இதே அமைப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் செப்பு முனைகளுக்குப் பதிலாகக் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கும்; ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பல மாடல்களில் அது பெடலில் இல்லாமல், மிதிக்கும் விசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் விற்ற பல வண்டிகளில், பெடல் சுவிட்சுக்கு மேல் காப்பாக, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் தனிச் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதன் உள்ளே ஆயிலையும் மின்முனைகளையும் பிரித்துவைத்த மெல்லிய படலம் காலப்போக்கில் விரிசல்விட, ஆயில் மின்பகுதிக்குள் கசிந்தது. அந்தச் சுவிட்சுக்கு இக்னிஷனை அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருந்ததால், நிறுத்திவைத்த வண்டிகள்கூடத் தீப்பிடித்தன. 1999-இல் தொடங்கி 2009 அக்டோபர் வரை கட்டம் கட்டமாக 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்த ஒரே உறுப்புக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. வெளிநாட்டில் அத்தகைய பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்கள், அந்தத் திருத்தம் தங்கள் வண்டியில் செய்யப்பட்டுள்ளதா என்பதை விநியோகஸ்தரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லும் பெடல் சுவிட்சு வேலை அதற்கு மாற்றாகாது.

பழுது சுவிட்சில்தானா?

பொருளை வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைக்குக் கருவியே தேவையில்லை. இருட்டிய பின் வண்டியைச் சுவர் ஒன்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி, பெடலை மெல்ல மிதித்துச் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மிதிக்கும்போது எரியாவிட்டாலும், மிதிக்காதபோது அணையாவிட்டாலும் சுவிட்சின் பக்கம்தான் சந்தேகம் போக வேண்டும். பிரேக் விளக்கு அணையாத வண்டியில் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். பலர் பேட்டரியை மாற்றிவிட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் அதே இடத்தில் நிற்பார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லீவர் பி (பார்க்கிங்) நிலையிலிருந்து நகர மறுப்பதும், பொத்தான் ஸ்டார்ட் உள்ள வண்டி பெடலை மிதித்தும் கிளம்பாமல் இருப்பதும் இதே சுவிட்சின் அறிகுறிகளாக இருக்கலாம்.

வண்டிக் கணினியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கையில் இருந்தால் மாட்டிப் பாருங்கள். பி0571, பி0572, பி0573 ஆகிய குறியீடுகள் பிரேக் சுவிட்சின் மின்சுற்றைச் சுட்டுபவை. பி0504 வந்தால் இரண்டு தொடர்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். குறியீட்டைவிட நேரடித் தரவு பயனுள்ளது. பிரேக் சுவிட்சின் இரு வரிகளையும் திரையில் வைத்துக்கொண்டு பெடலை நூறு முறைகூட மெல்ல அழுத்தி விடலாம். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். ஹால் சென்சார் உள்ள வண்டிகளில் மல்டிமீட்டரை (மின்னளவு காட்டும் கருவி) வைத்து முனைகள் இணைந்துள்ளனவா என்று பார்க்கும் சோதனை பயன்படாது என்பதால், அங்கே இது ஒன்றே நம்பத்தக்க வழி.

குரூஸ் வேலை செய்யாமல் போவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. மேனுவல் கியர் வண்டியில் கிளட்ச் பெடலுக்கும் இதே போன்ற ஒரு சுவிட்ச் உண்டு, அது பழுதானாலும் குரூஸ் பிடிக்காது. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பல வண்டிகள் குரூஸைத் தாமாகவே முடக்கிவிடும். சில பழைய கார்களில், பிரேக் பல்புகள் எல்லாம் போயிருந்தாலோ, அவற்றுக்குப் பதிலாக எல்இடி போட்டிருந்தாலோகூடக் குரூஸ் இயங்காது, ஏனெனில் அந்தக் கணினி பல்பின் இழை வழியாகவே தன் மின்சுற்றைச் சரிபார்க்கிறது. பல வண்டிகளில் ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்துக்குக் கீழ் குரூஸ் பிடிக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். தெருவுக்குள் சோதித்துப் பார்த்துவிட்டுப் பழுது என்று வந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கற்கண்டுத் துணுக்குகளுக்கு வருகிறேன். பெடல் தண்டில், பிளஞ்சர் வந்து முட்டும் இடத்தில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையை அடைத்து ஒரு சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர்த் திண்டு பொருத்தப்பட்டிருக்கும். பத்து ஆண்டு வெயிலில் அது நொறுங்கி உதிர்ந்துவிட்டால், பிளஞ்சருக்கு முட்ட இடமில்லாமல் அது துளைக்குள் நுழைந்துவிடும். வண்டியின் கணக்கில் அது யாரோ ஓயாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதுபோல் ஆகும். ஹோண்டா முதலிய ஜப்பானியக் கார்களில் இது மிகவும் பரவலாகக் காணப்படும் பழுது. சுவிட்ச் நன்றாக இருந்து திண்டு மட்டும் போயிருந்தால், திண்டை மட்டும் வாங்கிப் போட்டால் போதும். என் வண்டியில் திண்டும் போயிருந்தது, சுவிட்சின் முனையும் தேய்ந்திருந்ததால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

கழற்றுதல்

வேண்டிய கருவிகள் அதிகமில்லை: தலையில் மாட்டும் டார்ச், மல்டிமீட்டர், மெல்லிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், உங்கள் சுவிட்ச் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் இரண்டு. பல ஜப்பானியக் கார்களில் 14 அளவு ஸ்பானர் பொருந்தும். காலை வெயில் ஏறுவதற்கு முன் தொடங்கினால் நல்லது. மூடிய கண்ணாடிகளுக்குள் ஸ்டியரிங்கின் அடியில் தலைகீழாகக் கிடப்பது நடுப்பகலில் தாங்கக்கூடியதல்ல. ஓட்டுநர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கதவுப் படியில் ஒரு தலையணையைப் போட்டு முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இக்னிஷனை அணைத்துப் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். பிரேக் விளக்குச் சுற்றில் சாவி இல்லாதபோதும் மின்சாரம் இருக்கும் என்பதால், இக்னிஷனை அணைப்பது மட்டும் போதாது. பல கார்களில் ஓட்டுநரின் முழங்கால் பகுதியிலும் ஏர்பேக் உண்டு. நெகடிவ் முனையைக் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் காத்திருந்து, மஞ்சள் நிறக் கம்பி உறைகள் எதையும் தொடாமல் வேலை செய்யுங்கள். ரேடியோவுக்குக் குறியீடு கேட்கும் வண்டியென்றால், அந்த எண் உங்களிடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரின் பக்கவாட்டில் உள்ள நாக்கை அழுத்தியபடி நேராக இழுத்தால் கழன்று வரும். கம்பியைப் பிடித்து இழுத்தால் முனை உள்ளேயே தங்கிவிடும், பிறகு அதற்கு ஒரு மாலை போய்விடும். கழற்றியதும் கனெக்டரின் உட்புறத்தைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் மின்முனைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் பழுத்து உருகியிருந்தால் புதுச் சுவிட்சால் மட்டும் சரியாகாது, கனெக்டரையும் மாற்றியாக வேண்டும்.

சுவிட்சுகள் பொதுவாக இரண்டு வகையில் நிற்கும். முதல் வகை மரை போட்டது, ஒரு லாக் நட் அதைத் தகட்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும். நட்டைத் தளர்த்துவதற்கு முன், அதற்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பிறகு அளவு வைக்கும்போது அதுவே துணை. இரண்டாவது வகை திருப்பிப் பூட்டும் வகை: சுவிட்சின் உடலைக் கால் சுற்றோ அதற்கும் குறைவாகவோ திருப்பினால் பூட்டு விடுபட்டுச் சுவிட்ச் பின்னுக்கு வரும். திரும்பவில்லை என்றால் திசையை மாற்றிப் பாருங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

கழற்றிய சுவிட்சை மல்டிமீட்டரில் சோதிக்கும்போது புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் சுவிட்சின் பிளஞ்சர் வெளியே நீண்டிருக்கிறது, ஆகவே அது பெடலை மிதித்த நிலைக்குச் சமம். அந்த நிலையில் விளக்குத் தொடர்பு இணைந்தும், குரூஸ் தொடர்பு பிரிந்தும் இருக்க வேண்டும். பிளஞ்சரை விரலால் முழுவதும் அழுத்தினால் இரண்டும் தலைகீழாக மாற வேண்டும். இணைந்த நிலையில் மீட்டர் ஏறத்தாழ பூஜ்ஜியம் ஓமைக் காட்ட வேண்டும். சுவிட்சை லேசாகத் தட்டும்போது எண் துள்ளினால், பாலங்களின் மேல் குரூஸ் ஏன் விடுபட்டது என்பது அங்கேயே விளங்கிவிடும்.

வாங்குதல்

வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து அதற்குரிய சுவிட்சையே வாங்குங்கள். ஒரே மாடலில் குரூஸ் இல்லாத வகைக்கு இரண்டு முனைச் சுவிட்சும், உள்ள வகைக்கு நான்கு முனைச் சுவிட்சும் இருக்கக்கூடும். வெளியுருவம் ஒன்றாகவே இருந்தாலும் உள்தொடர்பு மாறியிருக்கலாம். கடையிலேயே பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து முனைகளின் எண்ணிக்கை, மரையின் நீளம், பிளஞ்சரின் நீளம் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது. திண்டையும் தவறாமல் கேட்டு வாங்குங்கள்.

மாட்டி அளவு வைத்தல்

முதலில் திண்டு. பழைய துணுக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, பெடலைக் கையால் அழுத்தி இடம் உண்டாக்கிக்கொண்டு, புதுத் திண்டைத் துளையில் வைத்துச் சொடுக்கென்ற ஓசை வரும்வரை அழுத்துங்கள். உதிர்ந்த துணுக்கு எதுவும் பெடலின் அச்சுக்குள் சிக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

மரை போட்ட சுவிட்சைக் கையால் திருகி, பிளஞ்சர் முழுவதும் உள்ளே போய், மரையின் முனை திண்டைத் தொடும்வரை கொண்டுசெல்லுங்கள். பிறகு அதைக் கால் சுற்று பின்னுக்குத் திருப்புங்கள். ஹோண்டாவின் பழைய பணிமனைக் கையேடுகள் சொல்லும் முறை இது. அடுத்தடுத்த மரைகளுக்கிடையே 1.25 மி.மீ. தூரம் உள்ள சுவிட்சில் கால் சுற்று என்பது ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளி. மற்ற நிறுவனங்களின் அளவு இதிலிருந்து மாறும், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கேட்பவையும் உண்டு. ஆகவே உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே கொள்ள வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது சுவிட்சின் உடல் கூடவே சுழன்று, வைத்த அளவு கெட்டுவிடும். உடலை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டை மற்றொன்றால் இறுக்கி, இறுக்கிய பின் இடைவெளியை மறுபடி பாருங்கள்.

இந்த இடைவெளியில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். சுவிட்ச் அதிகம் தள்ளி நின்றால் பிளஞ்சர் முழுவதும் அழுந்தாது, ஆகவே பிரேக் விளக்கு அணையாது, குரூஸ் பிடிக்காது. இது தொல்லைதான், ஆபத்து குறைவு. அதிகம் நெருங்கி நின்றால் பெடல் சற்று ஆழமாகப் போன பிறகே பிளஞ்சர் வெளிவரும், ஆகவே பின்னால் வருபவருக்கு விளக்கு தாமதமாகத் தெரியும். இன்னும் நெருக்கிவிட்டால் சுவிட்சின் முனையே பெடலைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். பெடல் முழுவதும் மேலே வராவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் வழி திறக்காது. ஓட ஓடச் சூடேறி விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். குரூஸைச் சரிசெய்யப் போய் பிரேக்கைக் கெடுத்த கதை பெரும்பாலும் இந்த ஒரு திருகலில்தான் நடக்கிறது.

திருப்பிப் பூட்டும் வகை தன் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். அதன் பிளஞ்சரில் பல்லமைப்பு இருக்கும், முதல் முறை பெடல் வந்து தள்ளும்போது அது ஒவ்வொரு பல்லாகப் பின்வாங்கிச் சரியான இடத்தில் நிற்கும். சில வண்டிகளில் பிளஞ்சரை முழுவதும் வெளியே இழுத்து, பெடலை மிதித்துப் பிடித்தபடி சுவிட்சைப் பூட்டி, பின்னர் பெடலை மெல்ல மேலே விட வேண்டும். வேறு சில வண்டிகளில் மாட்டும்போது பெடலைத் தொடவே கூடாது. இந்த வரிசையை ஊகிக்காதீர்கள். இவ்வகைச் சுவிட்சுகளில் பல, ஒருமுறை மட்டும் அளவு வைத்துக்கொள்ளக் கூடியவை என்பதால், கழற்றியதை மறுபடி மாட்டாமல் புதியதையே போட வேண்டும்.

சோதித்தல்

கனெக்டரைச் சொடுக்கும்வரை அழுத்தி, பேட்டரியை இணைத்து, ஸ்கேனரில் பழைய குறியீடுகளை அழியுங்கள். முதலில் விரல் ஒன்றினால் பெடலை மெல்லத் தள்ளுங்கள். பெடல் சற்றே அசைந்ததும் இடம், வலம், மேல் மூன்று விளக்குகளும் எரிய வேண்டும், விட்டதும் உடனே அணைய வேண்டும். வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்; சுவர் வெளிச்சத்தில் ஒரு பல்பு எரியாதது தெரியாமல் போகலாம். இன்ஜினை இயக்கி, பெடலை மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டர் வேலைசெய்யும் நிலையிலும் இதையே ஒருமுறை பாருங்கள்.

பிறகு நாலைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் ஓட்டி, சமதளத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டி தடையின்றி உருள்கிறதா என்று கவனியுங்கள். இறங்கிச் சக்கரங்களின் அருகே புறங்கையை நீட்டுங்கள், டிஸ்கைத் தொட வேண்டாம். கருகிய வாடையோ, வழக்கத்தை மீறிய வெப்பமோ வந்தால் சுவிட்ச் பெடலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்தி இடைவெளியைக் கூட்டுங்கள்.

கடைசியாகக் குரூஸ். முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான சாலையில் 60-இல் வைத்து, வலது காலைப் பிரேக்குக்கு மேலேயே வைத்துக்கொண்டு, பெடலை வேகம் குறையாத அளவுக்கு லேசாகத் தொடுங்கள். அந்தத் தொடுதலிலேயே குரூஸ் விடுபட வேண்டும். இதைப் பத்து முறை செய்யுங்கள். ஒரு முறை தவறினாலும் குரூஸ் பொத்தானை அணைத்துவிட்டு, சரியாகும்வரை அதைத் தொடாதீர்கள். மேனுவல் வண்டியில் கிளட்சையும் இதேபோல் சோதியுங்கள். ஒரு வாரம் கழித்து டார்ச்சுடன் மறுபடி படுத்து, லாக் நட் தளரவில்லை என்பதையும், திண்டு தன் துளையில் நேராக உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.